கடிவாளம் பிடிக்கிற கை

தேர் என்பது தேர் அல்ல என்று தீர்த்தகிரி சார் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்; அவருடைய என்றால் சாருடைய கை அல்ல, எதிரே ஆண்கள் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் அங்கமுத்துவின் கை. அது தொடையின் மேல் மல்லாந்து கிடக்கிறது. யாரோ அங்கே வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன சாமான் மாதிரி. விரல்கள் கொஞ்சம் மடங்கியிருக்கின்றன. சுட்டுவிரல் நுனியில் ஓர் ஈ உட்காருகிறது, எழுந்து பறக்கிறது, மறுபடியும் அங்கேயே வந்து உட்காருகிறது, விரலின் ஓரமாகவே நடந்து உள்ளங்கைக்குள் இறங்குகிறது. உள்ளங்கையில் ஈ நடந்தால் யாருக்கும் கூசும். அவருக்குக் கூசவில்லை. முகத்துக்கு நேரே வந்தபோது வலது கை சட்டென்று எழுந்து விரட்டியதே, அந்தக் கைக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அல்லது தெரிந்தும் இடது கையை அசைக்காமல் வைத்திருக்கிறாரா? பற்றில்லாமல் உடம்பைப் பார்ப்பது எப்படி என்று சார் போன மாதம் சொல்லிக்கொடுத்தாரே, அந்தப் பயிற்சியா? இவர் செய்யக்கூடியவர்தான். நல்ல மாணவன் என்று பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை இவருக்கு அறுபது வயதுக்குப் பிறகுதான் வந்தது. சட்டைப் பையில் வேன் சாவி துருத்திக்கொண்டு தெரிகிறது. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் அந்த வேனில் ஏறி ஏற்காட்டுக்குப் போகப் போகிறோம். வழக்கமாக ஓட்டுகிற பையன் வரவில்லை. ‘நம்ம தேரோட்டி இருக்கறப்ப வேற ஆள் எதுக்கு?’ என்று சார் காலையிலேயே சாவியை இவரிடம் கொடுத்துவிட்டார். அதை இவர் எந்தக் கையால் வாங்கினார் என்று பார்த்தேன். வலது கையால்தான். பெரியவர் கொடுத்தால் வலது கையால்தானே வாங்குவார்கள், அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை.

‘உடம்புதான் தேர்’ என்கிறார் சார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர், குரல் சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். வெள்ளைப் பலகையில் பச்சை மையால் ஒரு தேர் வரைந்திருக்கிறார், ஐந்து குதிரைகளும் ஆட்டுக்குட்டிகள் மாதிரி இருக்கின்றன. ‘அஞ்சு புலனும் அஞ்சு குதிரை. மனசு கடிவாளம். புத்தி தேரோட்டி. உள்ள உட்கார்ந்து வர்றானே, அவன்தான் ஆத்மா. அவன் எதையும் ஓட்டறதில்லை, சும்மா பயணி.’ போன மாதம் பாற்கடலைக் கடைந்தோம். கடல் என்றால் மனம், மத்தாக நட்ட மலை முதுகெலும்பு, கயிறாகச் சுற்றிய பாம்பு மூச்சு, ஒரு பக்கம் இழுத்த தேவர்களும் மறு பக்கம் இழுத்த அசுரர்களும் மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும். அமுதத்துக்கு முன்னால் விஷம் வருகிறதே, அது ஏன் என்று அவரே கேட்டு, உட்கார்ந்து மனத்தைக் கவனிக்க ஆரம்பித்தவுடன் முதலில் மேலே வருவது பழைய கோபம்தான், அதைத் துப்பவும் கூடாது, விழுங்கவும் கூடாது, தொண்டையில் நிறுத்தி வை என்பதுதான் கதை என்று சொன்னார். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே தொண்டையில் ஏதோ நின்றது. வீட்டுக்குப் போய் மருமகளோடு போனில் சண்டை போடாமல் இருந்தேன். ஆகவே இதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் அப்போதே முளைத்தது. மலை என்றால் முதுகெலும்பு, சரி. முதுகெலும்பு என்றால் என்ன? அதுவும் வேறு எதற்கோ அடையாளமா? முதுகு வலிக்கிறது என்று ஒருவர் இங்கே சொன்னால், இவர்கள் தைலம் தேடுவார்களா, மலை அசைகிறது என்பார்களா? கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். ‘சந்தேகமும் ஒரு குதிரைதாம்மா, அதையும் கட்டிப் போடலாம்’ என்றார். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே தமயந்தி டீச்சர் என் பக்கம் திரும்பி, வந்துவிட்டது குதிரை என்பதுபோல் புன்னகை செய்கிறாள். நான் என்ன சொன்னாலும் அது இவர்கள் தேரில் பூட்டப்பட்டுவிடும். இதுதான் எனக்குப் பிடிபடாத இடம். கதவு இல்லாத வீடு மாதிரி இருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் உள்ளேதான்.

நான் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவள். பால் சொசைட்டியில் காலை மாலை இரண்டு வேளையும் பால்மானியை மிதக்க விட்டுப் பார்ப்பதுதான் வேலை. வெள்ளையாக இருப்பதெல்லாம் பால் என்று நம்புவதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. யார் வாளியோடு கூடவே ஒரு கதையையும் கொண்டுவருகிறார்களோ, மாடு காய்ச்சலில் கிடந்தது, மழையில் வந்தேன், மூடி திறந்துகொண்டது என்று, அவர்கள் பாலில் தண்ணீர் கூடுதலாக இருக்கும். பேசாமல் வைத்துவிட்டு நிற்பவன் பால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதனால்தான் இந்த வாரம் முழுக்க இவர் கதை சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே என்னவோ செய்தது. செவ்வாய்க்கிழமை காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் கீழே கிடந்த டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ‘கடிவாளம் தளருது பாவாயி’ என்றார். ‘பிடிச்சுப் பிடிச்சே முப்பது வருசம் ஓட்டினவன். இப்பத்தான் கை தானா விட ஆரம்பிக்குது.’ டம்ளர் விழுந்ததற்கு இவ்வளவு பெரிய கதை எதற்கு? முதலில் நினைத்தது குடி. மகன் கல்யாணத்தோடு விட்டதுதான், ஆனால் விட்டவர்கள் திரும்பத் தொடுவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அன்று பகலில் அவர் தூங்கும்போது குனிந்து வாயை முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசனைதான். அடுத்த நாள் சட்டைப் பொத்தானை ஒரே கையால் போட்டுக்கொண்டிருந்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை எழுதப் பழகுவதுபோல. நான் வருவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்போது நினைத்தது நடிப்பு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்வதற்கு ஒத்திகை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை வேட்டியை இடுப்பில் சொருகவே நேரமாகியது, முடியாமல் பெல்ட்டை எடுத்துக் கட்டினார், அதையும் பார்த்தேன், கதவு இடுக்கு வழியாக. என்ன நினைத்தேன் அப்போது? இவர் அண்ணனோடு நிலத்தகராறு இருக்கிறதே, அந்தக் கவலையில் ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது, என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்று நினைத்தேன். எதையும் கேட்கவில்லை. கேட்டால் கதை சொல்வார். கதை சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதற்குக் கேட்காமலே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நேற்றுச் சாயங்காலம் சோற்றை மெல்லும்போது இடது பக்கம் ஒரு பருக்கை உதட்டோரம் ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது, வெகுநேரம், அவர் துடைக்கவில்லை, அங்கே ஒன்று ஒட்டியிருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் சொசைட்டி வாட்ச்மேனுக்கும் முதலில் வாய்தான் கோணியது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். அவர் வயது வேறு, அவருக்குச் சர்க்கரை.

மலைப்பாதை நினைவுக்கு வருகிறது. எத்தனை கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்ப வேண்டும், ஒரு கை விடும்போது மறு கை பிடித்திருக்க வேண்டும், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் கிடையாது. வேனில் தமயந்தி டீச்சர் இருப்பாள், அவள் அம்மா இருப்பார், வெள்ளிப் பட்டறை மாதேசன், அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பேத்திகள். பேத்திகளுக்குத் தேரும் தெரியாது, குதிரையும் தெரியாது, ஏரியில் படகு விடுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு கீழே வேனிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் ஓட்ட வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். கை சரியில்லை என்றால் இவர் இல்லை என்பார். இத்தனை பேர் முன்னால் இவரைத் தலைகுனிய வைத்தது யார் என்றால் நான். பேருந்தில் முப்பது வருசம் ‘யோவ் டிரைவர், நிறுத்துய்யா’ என்று கேட்டே பழகிய மனுசன், இங்கே முதல் நாள் தேரோட்டிதான் புத்தி என்று சார் சொன்னபோது கண் கலங்கினார், நான் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியில், ‘பாத்தியா, கண்டக்டரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பறிக்க வேண்டுமா? ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருந்தால்? நரம்பு இழுத்துக்கொண்டிருக்கும், தூக்கத்தில் கையை மடக்கிப் படுத்திருப்பார். நான் பார்ப்பதெல்லாம் தண்ணீர் கலந்ததாகவே எனக்குத் தெரியும், இது என் கண்ணின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் சாரும் பார்க்கிறார். இப்போதுதான் கவனித்தேன். பேச்சுக்கு நடுவில் சாருடைய பார்வை இவர் கைமேல் போய் நின்றது, ஈ இன்னும் அங்கேயே இருக்கிறது, சார் ஒரு வார்த்தையைத் தவறவிட்டார், பிறகு எடுத்துக்கொண்டார். அப்படியானால் சாருக்கும் தெரியும். தெரிந்துதான் சாவியைக் கொடுத்தாரா? தெரிந்தும் பேசாமல் இருக்கிறவரை என்னவென்று சொல்வது? எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

இப்போது கயிறு சுற்றி வருகிறது. வகுப்பு முடிவதற்கு முன் இது வழக்கம். மாட்டுச்சந்தையில் வாங்கிய முறுக்குக் கயிறு ஒன்று, அதுதான் கடிவாளம், கையில் வாங்கியவர் இந்த வாரம் தன்னுடைய எந்தக் குதிரை ஓடியது என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். இடது கையால் வாங்கி வலது கையால் கொடுக்க வேண்டும், தேரோட்டிகள் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று சார் யாரிடமோ கேட்டு வைத்த விதி. மாதேசன் வாங்கினான். ‘சார், எனக்கு எப்பவும்போல நாக்குக் குதிரைதான். வியாழக்கிழமை மட்டன் பிரியாணிக் கடை வாசல்ல வந்து நின்னுடுச்சு. நான் இழுத்தேன் சார், அது என்னை இழுத்துச்சு.’ அவன் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து, ‘ரெண்டு பிளேட்டுங்க சார், குதிரைக்கு ஒண்ணு, தேருக்கு ஒண்ணு’ என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், முகம் மட்டும். கயிறு இவரிடம் வருகிறது. இடது கையால் வாங்க வேண்டும். மாதேசன் நீட்டுகிறான். இவருடைய இடது கை தொடையிலிருந்து எழுந்தது, எழுந்தது என்று சொல்ல முடியாது, தோள் எழுந்தது, கை அதன் பின்னால் தொங்கிக்கொண்டு போனது. விரல்கள் கயிற்றின் மேல் படிந்தன. மூடவில்லை. கயிறு வழுக்கிக் கீழே விழுந்தது. சாணியும் வியர்வையும் பட்ட பழைய கயிறு, சுருண்டு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

‘ஆஹா’ என்றாள் தமயந்தி டீச்சர். இவர் கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை பார்த்த அதே பார்வை. பிறகு சாரிடம் திரும்பி, ‘இந்த வாரம் குதிரை எதுவும் ஓடலீங்க சார். கடிவாளமே விட்டுப்போச்சு. கை தானா விடுது’ என்றார். ‘விடுது’ என்பது கொழகொழவென்று வந்தது. ‘பாருங்க, அங்கமுத்து அண்ணனுக்கு மனசே நழுவ ஆரம்பிச்சிடுச்சு’ என்று டீச்சர் கையைக் கூப்பினாள். ‘நாமெல்லாம் இன்னும் பிரியாணிக் கடையிலயே நிக்கிறோம்.’ மாதேசன் குனிந்து கயிற்றை எடுத்து, இவர் தோளைத் தட்டி, ‘அண்ணே, விட்டது சரி, மலையில விட்டுறாதீங்க’ என்றான். மறுபடியும் சிரிப்பு. சார் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கயிறு பெண்கள் வரிசைக்கு வந்துவிட்டது. மாதேசன் மனைவி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் கோபத்தைப் பற்றி நீளமாக ஏதோ சொன்னாள், அவள் குரல் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல் வந்தது. எனக்குள் வார்த்தைகளைத் தேடுகிறேன். வேறு எதுவாகவும் மாற்ற முடியாத வார்த்தை. ‘பயப்படுகிறேன்’ என்றால் மாற்றிவிடுவார்கள். ‘நம்பிக்கை இல்லை’ என்றால் போச்சு. ‘உடம்பு’ என்றாலே தேராகிவிடும். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு இந்தக் கூடத்தில் ஏற்கெனவே ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். கயிறு என் மடியில் விழுந்தது.

‘எங்க வீட்டுக்காரருக்கு இடது கை வேலை செய்யலைங்க’ என்றேன். என் குரல் சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்பும்போது வருகிற குரல். ‘இது கை. கடிவாளம் கிடையாது. கைதான்.’ பிறகு டீச்சர் மெதுவாக, உருகிப்போய், ‘எவ்வளவு எளிமையாச் சொல்லிட்டாங்க பாருங்க சார்! கை கைதான். அடடா, அதுக்கு மேல என்ன இருக்கு?’ என்றாள். மாட்டிக்கொண்டது. கை என்ற சொல்லும் தேரில் மாட்டிக்கொண்டது. இனி என்னிடம் சொல் இல்லை. நான் எழுந்தேன். கூடத்தின் நடுவே ஆண்கள் பக்கம் போகக் கூடாது என்று யாரும் விதி போடவில்லை, ஆனால் யாரும் போனதில்லை. போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். ஈ பறந்தது. இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். கனத்தது. இத்தனை வருசம் கூட வாழ்ந்தவர் கை இவ்வளவு கனமா என்றிருந்தது. ‘பிடிங்க’ என்றேன். அவர் பார்த்தார். நான் விட்டேன். கை தொடைமேல் விழுந்தது, சதைமேல் சதை விழுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. டீச்சர் கூப்பியிருந்த கையைப் பிரித்துவிட்டாள்.

சார் பலகையிலிருந்து வேகமாக வந்து மண்டியிட்டார். ‘அங்கமுத்து, சிரிங்க’ என்றார். இவர் சிரித்தார். பாதி முகம் சிரித்தது. சார் முகம் வெளுத்துப்போனது. ‘உட்கார்ந்தப்பவே பார்த்தேன்’ என்றார் என்னிடம், ஒரு பையன் போல. ‘பார்த்தேம்மா. நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்.’ அவரைத் திட்ட வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாய்வரை வந்தது. அதற்குள் அவர் கேட்டார். ‘எப்ப இருந்தும்மா?’

‘செவ்வாய்க்கிழமையிலிருந்து’ என்றேன்.

‘இன்னிக்கு ஞாயிறு’ என்றான் மாதேசன். குற்றம் சொல்கிற குரல் இல்லை, சும்மா, நாளைச் சொல்கிற குரல். ஆனால் கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னைப் பார்த்தேன். டம்ளர் விழுந்தபோது குடி என்று படித்தேன். பொத்தானை நடிப்பு என்று படித்தேன். வேட்டியை ரகசியம் என்று படித்தேன். இவர்களாவது கையைக் கடிவாளம் என்று படித்தார்கள். நான் வாயை முகர்ந்தேன், கதவிடுக்கில் நின்றேன், எல்லாம் செய்தேன். கையை ஒரு தடவை எடுத்துப் பிடித்துப் பார்க்கவில்லை.

‘நாந்தாங்க சார்’ என்றார் இவர், ஒவ்வொரு சொல்லையும் தூக்கித் தூக்கி வைப்பதுபோல. ‘நாந்தான் இவகிட்ட சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். அவ என்ன செய்வா?’ அப்படி ஒன்று நடக்கவே இல்லை. முழுப் பொய். இவ்வளவு தெளிவான பொய்யை இவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாரும் நம்பினார்கள். என்மேல் இருந்த கண்கள் இறங்கின. நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆமாம் என்பதுபோல.

சார் காரை எடுத்தார். வேன் சாவியை மாதேசன் இவர் பையிலிருந்து உருவிக்கொண்டான், மனைவியிடம் ‘புள்ளைங்களை இறக்கு’ என்று கத்திக்கொண்டே காரின் முன் கதவைத் திறந்து ஏறினான். பின்சீட்டில் இவரும் நானும். முன்னால் இரண்டு பேரும் எந்த ஆஸ்பத்திரி பக்கம், எந்தப் பாலம் அடைப்பு என்று சண்டை போடுகிறார்கள். சார் கிளட்சை விட்டுவிட்டுப் பிடிக்கிறார், கார் குலுங்குகிறது, வேறு நாளாக இருந்தால் இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். இன்று என் காதருகே சாய்ந்தார். ‘டம்ளர் விழுந்தப்பவே தெரியும்’ என்றார். ‘ஆஸ்பத்திரிக்குப் போனா இனி வண்டியைத் தொடாதேன்னு சொல்லிருவாங்க. அதான்.’ ‘மலைக்கு ஓட்டியிருப்பேன்னு நினைக்கிறியா?’ அவருக்கே தெரிந்திருக்காது. கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ‘நீ கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் பாவாயி’ என்றார். ‘வாரம் பூரா நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்தே. கேப்பே கேப்பேன்னு இருந்தேன்.’

முன்னால் மாதேசன் கையை வெளியே நீட்டி, வழிவிடச் சொல்லி ஆட்டிக்கொண்டிருக்கிறான். கூட்டம் விலகவில்லை. சார் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

‘வலிக்குதுங்களா?’ என்று கேட்டேன்.

‘வலி இல்ல’ என்றார். பிறகு, ‘பயமா இருக்கு’ என்றார்.

‘எனக்கும்’ என்றேன்.